'அல்லது அதற்கு இணையானது': ஹனிமூன் பேக்கேஜில் நாங்கள் படிக்காமல் விட்ட வரி

கல்யாணமான இருபதாவது நாள் எனக்கும் இவருக்கும் முதல் சண்டை வந்தது. இடம், மாலே விமான நிலைய வாசல். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "நீங்கதானே அந்த ஆளை நம்பினீங்க", "படத்தைப் பார்த்து மயங்கினது யாரு" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தீவு தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அந்த நேரத்தில் போனை எடுக்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறைய பேர் இருப்பதால், ஆளைவிட வேலையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

ஜூன் கடைசியில் கல்யாணம், ஜூலையில் ஒரு வாரம் லீவு. எனக்கு பாலி போக ஆசை. இவருக்கு செஷல்ஸ். ஏஜென்ட் அரை மணி நேரத்தில் இரண்டையும் ஓரம் கட்டிவிட்டார். "ஜூலையில பாலி ஒரே கூட்டம் மேடம், டிராஃபிக்லயே ஹனிமூன் முடிஞ்சிடும்." "செஷல்ஸ்ல இந்த மாசம் காத்து பிச்சுக்கும் சார்." பிறகு போனை எங்கள் பக்கம் திருப்பினார். நீலத் தண்ணீர் மேல் மரவீடு, படியிறங்கினால் கடல், படுக்கைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தரை. "மாலத்தீவு. இதுக்கு மேல என்ன வேணும்?" அதற்குப் பிறகு நாங்கள் வேறு எதையும் உருப்படியாகக் கேட்கவில்லை. தப்பு எங்கள் மேலும் இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் பாலி கூட்டமாகத்தான் இருக்கும். ஏன் கூட்டம்? அங்கே அது மழையில்லாத காலம், அதனால். செஷல்ஸில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசுவதும் உண்மை. ஆனால் அந்த மாதங்களில் மழை குறைவு. காற்றுக்கு மறைவான கடற்கரையாகப் பார்த்துத் தங்கினால் போதும். மாலத்தீவுக்கு வரும்போது மட்டும் இந்தப் பருவக் கணக்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. ஜூலை அதன் நட்டநடு. நானாகத்தான் "மழை பெய்யுமா?" என்று கேட்டேன். "அரை மணி நேரம் பெய்யும் மேடம், உடனே வெயில் வந்துடும், ரொமான்டிக்கா இருக்கும்." சில நாள் அப்படித்தானாம். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றுமாம். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

பயணத் திட்டம் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. ஓரமெல்லாம் இதயம் பறந்தது. 'நான்கு இரவுகள், மாலத்தீவு. வாட்டர் வில்லா அல்லது அதற்கு இணையானது. கடல்விமானம் அல்லது அதற்கு இணையான போக்குவரத்து. விசா, ஆவணக் கட்டணம், ஹனிமூன் அலங்காரம் உட்பட.' ரிசார்ட்டின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வவுச்சர்ல வந்துடும்" என்றார். முன்பணத்தை கார்டில் கட்டினோம். மீதியை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், "கார்டுன்னா கமிஷன் பிடிப்பாங்க சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று. அனுப்பினோம்.

வவுச்சர் கிளம்புகிற நாள் காலையில் வந்தது. அதுவும் முதல் இரவுக்கு மட்டும்.

எங்கள் விமானம் மாலை 5:40க்கு இறங்கியது. வெளியே வந்தால் வரிசையாக ரிசார்ட் கவுன்டர்கள், எதிரிலேயே படகுத்துறை, மேலே கறுத்த வானம். எந்தக் கவுன்டரிலும் எங்கள் பெயர் இல்லை. கடைசியில் ஒரு பையன் எங்கள் பெயரைத் தப்பாக அச்சடித்த தாளோடு வந்தான். கடல்விமானம் எங்கே என்று கேட்டோம். வானத்தைக் காட்டினான். அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். தண்ணீரில் இறங்குகிற விமானம். இருட்டில் வேலைக்கு ஆகாது. பிற்பகல் 3:30, 4 மணிக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் முதல் இரவு ஹுல்ஹுமாலேயில்.

ஹுல்ஹுமாலே கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவு. விமான நிலையத்திலிருந்து காரிலேயே போய்விடலாம். ஊர், அடுக்குமாடிகள், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. எங்கள் அறை ஜன்னலைத் திறந்தேன். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அடுத்த கட்டடத்தின் ஏசி பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மழைக்கு உள்ளே எடுக்க மறந்த ஒரு பள்ளிச் சீருடை. ஹனிமூனின் முதல் இரவு அதைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, காலையில் ஈரச் சட்டையோடுதான் போயிருக்கும்.

இரண்டாம், மூன்றாம் இரவுகள் 'இணையானது' கணக்கில் வந்தன. ஐம்பது நிமிடம் ஸ்பீட்போட். பருவக்காற்றுக் கடலில் அது எப்படியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டாம்; எனக்குக் கொடுத்த பிளாஸ்டிக் பை நிறைந்தது என்று மட்டும் சொல்கிறேன். இறங்கிய இடம் மக்கள் வசிக்கிற தீவு, தங்கியது ஒரு விருந்தினர் விடுதி.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள் உண்டு. ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க அந்த ரிசார்ட்தான். மக்கள் வாழ்கிற தீவுகள் 200க்கும் குறைவு, அவற்றில் விடுதிகள் இருக்கின்றன. செலவு குறைவு, மனிதர்கள் அருமை. எங்கள் விடுதிக்காரர் எனக்கு வாந்தி நிற்க என்னவெல்லாமோ செய்து கொடுத்தார். தெரிந்தே போகிறவர்களுக்கு நல்ல தேர்வு அது. ஆனால் அங்கே மது கிடையாது, நீச்சலுடையில் குளிக்க அதற்கென்று ஒதுக்கிய கடற்கரை தனி, மற்ற இடங்களில் ஊருக்கேற்ற உடை. வாட்டர் வில்லாவுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இங்கே இறக்கிவிடுவதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

நான்காம் நாள் ஒருவழியாக அந்த மரவீடு. படத்தில் இருந்தது அதே ரிசார்ட்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் படம் பிப்ரவரியில் எடுத்திருப்பார்களோ என்னவோ. எங்கள் வீடு காற்றைப் பார்த்த மேற்குப் பக்கம். இரவு முழுக்க அலை தரைப்பலகையை அடியிலிருந்து குத்தியது. கண்ணாடித் தரை வழியாக மீன் பார்க்கலாம் என்று மண்டியிட்டு உட்கார்ந்தோம். கலங்கின தண்ணீரும் அடித்துவந்த ஒரு தென்னமட்டையும் தெரிந்தன. மட்டை போகும், வரும். இவர்தான் முதலில் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அன்றைக்கு வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்ததில்தான் முழுக் கதையும் வெளியே வந்தது. "கடல்விமானம் தவறிப்போச்சு" என்று சொன்னேன். அவர் குழம்பிப் போய், "நம்ம தீவுக்குக் கடல்விமானமே கிடையாதே, எல்லாரும் ஸ்பீட்போட்லதான் வருவாங்க, ராத்திரியிலும் போட் உண்டு" என்றார். ஆக, இருட்டில் விமானம் பறக்காது என்பது உண்மை. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! முதல் நாள் மாலையே நாங்கள் நேராக இங்கே வந்திருக்கலாம். நான்கு இரவு வில்லாவுக்குப் பணம் வாங்கி ஒரே இரவுக்கு முன்பதிவு செய்திருக்கிறார், அதுவும் நாங்கள் கிளம்பிய அன்றைக்கு. படுக்கையில் பூ, கேக் எல்லாம் எவ்வளவு என்று கேட்டேன். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் என்றால் சான்றிதழைக் காட்டினால் அவர்களிடம் அது இலவசமாம். ஏஜென்டின் ரசீதில் அதற்குத் தனி வரி, தனித் தொகை.

விசா மட்டும் கலப்படமில்லாத பொய். மாலத்தீவில் அநேகமாக எல்லா நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் 30 நாள் விசா, இறங்கியதும், இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஐமுகா என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. பத்து நிமிட வேலை. இதற்கும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தார்.

கிளம்பும்போது ரிசார்ட் பில்லில் பசுமை வரி. 'எல்லாம் அடக்கம்' என்ற பேக்கேஜில் அது அடங்கவில்லை. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய விடுதிகளில் 6. சுற்றுலா மீதான ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10. விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் இவையெல்லாம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். இது மோசடி இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிற வழக்கம். ஆனால் எந்த ஏஜென்டும் அந்தக் குறிக்கு விளக்கம் சொல்வதில்லை.

திரும்பி வந்ததும் கோபத்தில் நான் செய்த முதல் வேலை ஒரு தாளில் தீவையும் மாதத்தையும் எழுதியதுதான். போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது. ஒரே நாட்டுக்குள்ளேயே கணக்கு மாறுகிறது. தாய்லாந்தில் ஃபூக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை, கடலில் இறங்காதே என்று கடற்கரையில் சிவப்புக் கொடி. அந்த நேரத்தில் வளைகுடாப் பக்கத்து கோ சமூய் ஓரளவு நன்றாக இருக்கும். அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலேசியாவின் கிழக்கே பெர்ஹென்தியான் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளைப் பூட்டியே விடுகிறார்கள். மொரீஷியஸில் ஜூலை குளிர்காலம், கிழக்குக் கரையில் காற்று அதிகம், மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் தேவலை. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம். செஷல்ஸில் எங்கள் ஜூலைக்கு பிராலின் தீவின் கிராண்ட் ஆன்ஸ் பக்கம் போனால் கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும், எதிர்ப்பக்கத்து கோட் தோர் அமைதியாக இருக்கும். கரீபியன் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம், அரூபா மாதிரி தெற்கே ஒதுங்கின தீவுகளுக்கு அதில் ஆபத்து குறைவு. பாலியில் மழை நவம்பர் முதல் மார்ச் வரை. அந்தக் காலத்தில் கூட்டா கடற்கரையில் குப்பை ஒதுங்கும். ஆக எங்கள் ஜூலைக்கு என் பாலியே சரியாக இருந்திருக்கும். இதை இவரிடம் நான் இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழைக்காலத்தில் மாலத்தீவு போக ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவது இந்தப் பருவக்காற்று மாதங்களில்தான். ஏஜென்ட் அதையாவது சொல்லி விற்றிருக்கலாம். அவருக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் ஜூலையில் எது மலிவாகக் கிடைக்கும் என்பது.

இப்போது யாராவது இதே மாதிரி பிடிஎஃபை வைத்துக்கொண்டு இருந்தால், இன்றைக்கே ரிசார்ட்டின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்தப் படுக்கை என்று ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 'அல்லது அதற்கு இணையானது' என்ற சொற்களை அடித்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு ரிசார்ட்டுக்கு நீங்களே மின்னஞ்சல் போடுங்கள்: என் பெயரில் பதிவு உறுதியாகியிருக்கிறதா, பணம் வந்துவிட்டதா, இத்தனை மணிக்கு இறங்கினால் உங்கள் தீவுக்கு எப்படி வருவது. எங்கள் ரிசார்ட்டில் இப்படிக் கேட்பவர்களுக்கு அன்றைக்கே பதில் போடுவார்களாம். நாங்கள் கேட்கவில்லை.

பணத்தில் கார்டில் கட்டிய முன்பணம் மட்டும் வங்கியில் முறையிட்டு, பிடிஎஃப், வவுச்சர், ரிசார்ட் பெண் எழுதிக் கொடுத்த ஓர் இரவுப் பதிவுக் கடிதம் எல்லாம் காட்டி, ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. சொந்தக் கணக்குக்கு அனுப்பியது போனது போனதுதான். ஏஜென்ட் முதலில் "ரிசார்ட் தப்பு" என்றார், பிறகு "கிளைமேட் தப்பு" என்றார், பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசியாகப் போன வாரம் ஒரு செய்தி வந்தது. "மேடம், நல்ல ரிவ்யூ ஒண்ணு போட்டீங்கன்னா ஆனிவர்சரி டிரிப்புக்கு 10 சதவீதம் தள்ளுபடி." கூடவே அதே கண்ணாடித் தரைப் படம்.