பழைய டிராக்டரைத் தொட்டுப் பார்த்து விலை சொல்லும் சந்தாபுரத்துப் பட்டறை

கெலமங்கலத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் 1994-இல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று இருந்தது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபின் அதை விற்றுவிட முடிவு செய்தார். வந்து பார்த்த தரகர்கள் இருவரும் ஆர்.சி. புத்தகத்தில் ஆண்டைப் பார்த்ததோடு சரி. இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்காமல், பேசி வைத்ததுபோல் 1,30,000 ரூபாய் என்றார்கள். உழவு முடிந்த அன்றைக்கே சேற்றைக் கழுவி, கிரீஸ் அடித்து, கொட்டகைக்குள் நிறுத்திய பிறகே அவர் சாப்பிட உட்காருவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு அந்த விலை பொறுக்கவில்லை. பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் போகும் சாலையில் பழைய டிராக்டர்களைச் சோதித்து விலை மதித்துச் சொல்லும் பட்டறை ஒன்று இருப்பதாகச் சொன்னார். பெயர்ப் பலகை கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மேஸ்திரி ஒருவர் இரண்டு ஆட்களோடு நடத்துகிறார். மதிப்பீட்டுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறார். கடந்த டிசம்பரில் ஓசூர், அத்திப்பள்ளி வழியாக வண்டியை அங்கே ஓட்டிச் சென்றோம்.

அவர் போடும் முதல் நிபந்தனை, வண்டியை முந்தின நாள் மாலையே கொண்டுவந்து இரவு முழுவதும் பட்டறையில் விட்டுவிட வேண்டும் என்பது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது, சாவியைத் தொடுவதற்கு முன்னால் இன்ஜின் பிளாக்கின்மேல் உள்ளங்கையை வைத்து, அது சில்லிட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டார். தேய்ந்துபோன இன்ஜினைக்கூட ஒருமுறை சூடேற்றி வைத்துவிட்டால் ஒரே திருப்பில் எடுத்துக்கொள்ளும் என்பதால், விற்பவர்கள் ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட்டி வைத்துவிடுவது வழக்கமாம். எங்கள் வண்டி இரண்டாவது திருப்பில் எடுத்தது. தொடக்கத்தில் கொஞ்சம் வெண்புகை வந்து சற்று நேரத்தில் மறைந்தது. மார்கழிக் குளிரில் அது இயல்புதான் என்றார். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது, சுமை இல்லாதபோதே கரும்புகை தள்ளினால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது காற்று போதவில்லை என்று பொருள். புகையை விடவும் அவர் அதிகம் நம்புவது எண்ணெய் ஊற்றும் மூடியை. ஓடும் இன்ஜினில் அதைத் திறந்து, வாயின்மேல் கையை வைத்து, உள்ளிருந்து காற்று எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று பார்த்தார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே கசிந்து அந்த வழியாகத்தான் அடித்துக்கொண்டு வரும். "ஊதல் இல்ல சார், ரிங்கு நல்லா இருக்கு" என்று அவர் சொன்னபோது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை அவர் பொருட்படுத்தவே இல்லை. பழைய டிராக்டர்களில் அந்த மீட்டர் இன்ஜின் சுழற்சியோடு கேபிள் வழியாக இணைந்தது. குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணி நேரம் ஒரு மணியாகப் பதிவாகும், மெதுவாக ஓடினால் குறைவாகக் காட்டும், கேபிள் அறுந்தால் நின்றுவிடும். அதனால் அவர் பார்ப்பது வேறு இடங்களை: கிளட்ச், பிரேக் மிதிகளின்மேல் உள்ள வரிகள் வழுக்கையாகிவிட்டனவா, டிரெய்லர் மாட்டும் கொக்கித் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்கு நீண்டுவிட்டதா, முன் அச்சின் நடுப்பின்னில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பவை. மீட்டர் 900 மணி என்று காட்ட, கொக்கித் துளை நீள்வட்டமாகி இருந்தால் எதை நம்புவது என்று அவர் கேட்ட கேள்விக்கு விளக்கமே தேவையில்லை. பிறகு காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்த எண்ணெய்க்குள் விரலை விட்டு அடிவண்டலைத் தொட்டுப் பார்த்து, பெருவிரலால் தேய்த்துக் காட்டினார். மண் அரை விரற்கடைகூடப் படியவில்லை. இந்த எண்ணெயை மாற்றாமல் விடுகிறவர் வேறு எதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அதிக நேரம் செலவிட்டது கலப்பையைத் தூக்கி இறக்கும் பின்பக்க லிஃப்டில். ஒன்பது கொக்கிக் கலப்பையை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, பக்கத்துச் சுவரில் அதன் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எங்களுக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கலப்பை கோட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் மட்டுமே இறங்கியிருந்தது. இந்த லிஃப்டோடு சேர்ந்து கலப்பையைப் பிடித்திருக்கும், ஹாரி பெர்குசன் உருவாக்கிய மூன்று முனை இணைப்பு, கலப்பையை வெறுமனே இழுப்பதோடு நிற்காமல், மண் கலப்பைக்குக் கொடுக்கும் எதிர்ப்பை டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் இறங்கும் பாரமாகவே மாற்றிவிடுகிறது. எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் உழுவதற்கு அதுதான் காரணம். 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாராகத் தொடங்கிய பெர்குசனின் சிறிய சாம்பல் நிற டிராக்டரிலிருந்து, 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் நம் ஊருக்குக் கொண்டுவந்த சிவப்பு வண்டிகள் வரை அந்த அமைப்பு தொடர்கிறது. ஆகவே இந்த வகை வண்டியில் லிஃப்ட் தளர்ந்திருந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் பாதி மதிப்பு போய்விடும் என்று அவர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

பெயின்ட் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் முதலில் சந்தேகப்படுகிறார், பிறகுதான் சோதிக்கிறார். எங்கள் வண்டியின் பானெட் வெளிறி, சித்தப்பாவின் முழங்கை உரசும் இடத்தில் தகரமே தெரிந்தது. அதை அப்படியே விட்டிருப்பதற்காகப் பாராட்டினார். பெங்களூரைச் சுற்றி விற்பனைக்கு வரும் டிராக்டர்களில் பல, வயலையே பார்க்காமல் தண்ணீர் டேங்கரும் ஜல்லியும் இழுத்தவை. 2024 கோடையில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது இரவு பகலாக ஓடியவையும் அவற்றில் உண்டு. தார்ச்சாலையில் ஓடிய வண்டிகளில் பின்சக்கர டயரின் கட்டைகள் நடுவில் மழுங்கி ஓரத்தில் உயர்ந்து நிற்கும், கிளட்சும் பிரேக்கும் கரைந்திருக்கும். வாங்க நினைப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

எங்கள் வண்டிக்கு விலை கூடியதற்கு முக்கியமான காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி வாங்கிய கடை, 2007-இல் கிளட்ச் பிளேட் மாற்றிய செலவு என்று எல்லாவற்றையும் சித்தப்பா தொடக்கத்திலிருந்தே எழுதி வைத்திருந்தார். மேஸ்திரி அதைப் பக்கம் பக்கமாகப் படித்து, ரசீதுகளோடு ஒப்பிட்டு, பின் சக்கர சீல் ஒன்று கசிவதையும் ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆட்டத்தையும் கழித்துக்கொண்டு 2,05,000 முதல் 2,15,000 ரூபாய் வரை போகும் என்றார். உதிரி பாகங்கள் ஓசூரிலும் பெங்களூர் ஜே.சி. சாலையிலும் இன்றும் எளிதாகக் கிடைப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். காகிதங்களையும் பார்க்கிறார். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்தது சரியாக இருந்தது. ஆனால் எப்போதோ கட்டி முடித்த வங்கிக் கடனின் அடமானக் குறிப்பு ஆர்.சி.யில் நீக்கப்படாமலே கிடந்தது. படிவம் 35-இல் வங்கியின் கையெழுத்து வாங்கி அதை நீக்காமல் விற்க முடியாது என்று அவர்தான் சுட்டிக்காட்டினார். வண்டி மாநிலம் மாறுவதானால் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. மதிப்பீட்டை முத்திரைத்தாளில் தருவதில்லை. அவர் தரும் வெள்ளைத்தாள் வங்கிக்கோ காப்பீட்டுக்கோ உதவாது. டீசல் பம்பை வெளியிலிருந்து ஓசை கேட்டுச் சொல்கிறாரே தவிர, கழற்றி அளவு பார்க்க வேறு கடைக்கு அனுப்புகிறார், அதற்குத் தனிச்செலவு. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் டீசல் பம்புகளைச் செய்த ஆடுகோடி இருக்கும் பெங்களூரில் பம்ப் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். முன்கூட்டியே சொல்லாமல் போனால் நாள் முழுவதும் காத்திருக்க நேரும். மாஸி, மஹிந்திரா, எச்.எம்.டி. தவிர மற்ற வண்டிகளுக்கு விலை சொல்லத் தயங்குகிறார், அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார். எச்.எம்.டி.மேல் அவருக்குத் தனிப் பிரியம். செக் நாட்டு ஜீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஹரியானாவின் பிஞ்சோர் ஆலையில் தயாரான எச்.எம்.டி. 2511 டிராக்டர் ஒன்றை, அந்த ஆலை 2016-இல் மூடப்பட்ட பின்னும், கொட்டகையின் உட்புறத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிறார். கேட்டவுடன் துணியை விலக்கி, கையால் சுற்றி, இரண்டு சிலிண்டரின் நிதானமான தட்டலைக் கேட்கச் செய்தார். அது விற்பனைக்கு இல்லை.

அடமானக் குறிப்பை நீக்க ஆறு வாரம் ஆனது. பிறகு தளியில் ராகியும் நிலக்கடலையும் பயிரிடும் ஒருவர் 2,10,000 ரூபாய்க்கு வண்டியை வாங்கிக்கொண்டார். சாவியைக் கையில் வாங்கியதும் அவர் அடுத்துக் கேட்டது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான். சித்தப்பா கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதியையும் எண்ணெய் அளவையும் எழுதிக் கொடுத்தார்.