எரிப்பதா, வாயுவாக்குவதா, தரம் பிரிப்பவர் கையில் கொடுப்பதா? மூன்று நகரங்கள், மூன்று வழிகள்

குப்பை மேடு கண்ணை உறுத்தத் தொடங்கியதும் மாநகராட்சிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது எரிஉலை. டில்லி அதைத்தான் நம்பியது. இந்தூர் ஈரக்குப்பையை மூடிய தொட்டியில் மட்கவைத்து எரிவாயு எடுக்கிறது. புனே, குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களிடமே வீட்டுவாசல் சேகரிப்பை ஒப்படைத்தது. கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் தெருவில் இறங்கியிருக்கும் நிலையில், இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கும் பயன்படும்.

டில்லியின் கதை பழையது. 1987இல் டென்மார்க் உதவியுடன் திமர்பூரில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை கட்டினார்கள். சோதனை ஓட்டத்தோடு அது முடங்கியது. காரணம் எளிது: நம் ஊர்க் குப்பையில் பாதிக்குமேல் சோறு, காய்கறித் தோல், மண். ஈரம் சொட்டும் அந்தக் கலவை தானாக எரியாது. நன்றாக எரியக்கூடிய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேப்பர் கடைக்காக முன்பே பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். அதாவது உலைக்குத் தீனியும் ஏழைக்குப் பிழைப்பும் ஒரே பொருள்தான். 2012இல் ஓக்லாவில் புதிய உலை வந்தது. புகையையும் சாம்பலையும் எதிர்த்துச் சுற்றுப்புறக் குடியிருப்புகள் நீதிமன்றப் படியேறின. காசிப்பூரிலும் உலை அமைந்தது. ஆனாலும் 2017 செப்டம்பரில் அங்கிருந்த குப்பை மேடு சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் திறனுள்ளது. சுமார் 17 டன் வாயு கிடைக்கும் என்பது கணக்கு. அதில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆலையைப் பார்க்க வரும் அதிகாரிகள் தொட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படம் எடுக்க வேண்டியது தெருவுக்கு வரும் வண்டியை. ஈரக்குப்பைக்கும் உலர்குப்பைக்கும் தனித்தனி அறைகள். டயப்பர், நாப்கினுக்கு ஒன்று. பல்பு, பேட்டரி போன்றவற்றுக்கு வேறொன்று. கலந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள். தெருவோரத் தொட்டிகளை எடுத்துவிட்டதால் கண்ட இடத்தில் கொட்டவும் வழியில்லை. இந்த ஒழுங்கு இல்லாத லக்னோவில் 2003இல் தொடங்கிய வாயு ஆலை, தரம் பிரிக்காத குப்பை வந்து சேர்ந்ததால் மூடப்பட்டது. வாயுவாக்கும் முறை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

புனேவில் இயந்திரத்தைவிட மனிதருக்குத்தான் முதலிடம். 1993இல் குப்பை பொறுக்குவோர் தொடங்கிய சங்கத்திலிருந்து பிறந்தது 'ஸ்வச்' கூட்டுறவு. உறுப்பினர்களே உரிமையாளர்கள், பெரும்பாலும் பெண்கள். தள்ளுவண்டியுடன் வாசலுக்கு வருகிறார்கள். வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன. விற்கக்கூடிய பொருள் அவர்களுக்கே சொந்தம். அந்த வருமானம் இருப்பதால் தரம் பிரிக்கச் சொல்லி யாரும் கண்காணிக்க வேண்டியதில்லை. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுங்கள் என்று கேட்டதும் இவர்கள்தான்; பிரித்துப் பார்க்கும் கை அருவருப்பிலிருந்தும் நோயிலிருந்தும் தப்ப வேண்டுமே. குறையும் உண்டு. மாநகராட்சியுடனான ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வேலை நிலைக்குமா என்ற பயம் இவர்களைத் தொற்றிக்கொள்கிறது. வண்டி தள்ளும் உழைப்பும் சாதாரணமானதல்ல.

என் ஓட்டு புனேயின் வாசலுக்கும் இந்தூரின் ஆலைக்கும் சேர்த்து. வளரும் நகரம் முதல் பணத்தை வாசலில் செலவழிக்கட்டும்: சம்பளம், கையுறை, அறை பிரித்த வண்டி. ஈரக்குப்பை சுத்தமாக வரத் தொடங்கிய பிறகு வாயு ஆலை. எதற்கும் உதவாத உலர்குப்பை எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஓரிரு ஆண்டுகள் எடைபோட்டுப் பார்த்த பிறகே எரிஉலை பற்றிப் பேச வேண்டும். அதை முதலில் கட்டிவிட்டால் சிக்கல். இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கானவை. தினமும் இத்தனை டன் தந்தாக வேண்டும் என்று மாநகராட்சியைக் கட்டிப்போடுபவை. குப்பையைக் குறைக்கும் நகரம் அங்கே ஒப்பந்தத்தை மீறிய நகரமாகிவிடும்.