ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும்

நீலகிரியின் மழைமறைவுப் பகுதியான மசினகுடியில் இவ்விரு சிட்டுகளையும் காணலாம். இரண்டும் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமே உள்ளவை. இனப்பெருக்கக் காலத்து ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கருப்பாகத் தெரிந்து, வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னும். அக்காலம் முடிந்ததும் அந்த மினுமினுப்பை இழந்து, மஞ்சள் அடிப்பகுதியில் தொண்டையிலிருந்து வயிறுவரை ஓடும் கருங்கோடு ஒன்றைத் தவிரப் பெட்டையைப் போலவே ஆகிவிடும். ஊதாப்பிட்டு ஆணோ ஆண்டு முழுவதும் அரக்கு நிற முதுகும் மஞ்சள் வயிறுமாகவே இருக்கும். பெட்டைகளைப் பிரித்தறிவதுதான் கடினம்: தொண்டை சாம்பல் வெண்மையானால் ஊதாப்பிட்டு, மஞ்சளானால் ஊதா.

முள்காட்டில் முதலில் தேட வேண்டியது ஊதாத் தேன்சிட்டையே. தாழ்ந்த கிளையில் சிலந்தி நூலால் பிணைத்துப் பெட்டை தொங்கவிடும் பைக்கூட்டை, ஒட்டிய குப்பையென எண்ணி ஒடித்துவிடாதீர்கள். ஊதாப்பிட்டு வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்திக்கே வந்துவிடும்.