மலிவான ஏர்கோன் உதிரிபாகங்கள்: ஜாலான் ஈப்போ, செகாம்புட் கடைகளில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கோலாலம்பூரில் கார் ஏர்கோன் பாகம் தேடிக் கடை ஏறுகிறவரை முதலில் திகைக்க வைப்பது விலை வேறுபாடு. என்னுடைய 2012ஆம் ஆண்டு பெரோடுவா மைவி காருக்கு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் விசாரித்தபோது, மிகக் குறைந்த விலையாக 110 ரிங்கிட்டும் மிக உயர்ந்த விலையாக 380 ரிங்கிட்டும் சொன்னார்கள். இரண்டும் அதே காருக்குப் பொருந்தும் அலுமினியக் காயில்கள்தாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஜாலான் ஈப்போ, செகாம்புட், கெப்போங் பகுதிகளில் உள்ள கடைகளிலும் இணையச் சந்தையிலும் விசாரித்து, சிலவற்றை வாங்கிப் பொருத்திப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

பாகத்தின் விலையை மட்டும் வைத்து மலிவு எது என்று முடிவு செய்ய இயலாது. அதைப் பொருத்துவதற்கு எவ்வளவு கூலி ஆகும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால், பெரும்பாலான பட்டறைகளில் அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்றுகிறார்கள். அதனுடன் குளிரூட்டும் வாயுவான காஸை வெளியேற்றுவது, குழாய்களில் எஞ்சிய காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வெக்யூம் போடுவது, மீண்டும் காஸ் நிரப்புவது எல்லாம் சேர்கின்றன. மலிவான காயில் ஓராண்டில் கசிந்தால் இத்தனை வேலைக்கும் இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டும். ஜாலான் ஈப்போவில் ஏர்கோன் பாகங்களை மட்டுமே விற்கும் ஒரு கடையின் தம்பி இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "அண்ணே, காயில்ல நூறு வெள்ளி மிச்சம் புடிச்சீங்கன்னா, டேஷ்போர்டை ரெண்டாவது தடவை கழட்டுறப்போ முன்னூறு வெள்ளி போயிடும்." அவர் விற்பனைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அதே கடையில் நான் காற்றை வீசும் பிளோவர் மோட்டாருக்கு விலை கேட்டபோது, "அது கையெட்டுற இடத்துல இருக்கு, தைவான் சாமானே போதும்" என்று குறைந்த விலைப் பொருளை எடுத்துத் தந்தார். அந்தக் கடையின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அந்த ஒரு பதிலால்தான்.

இத்தகைய சிறப்புக் கடைகளின் பெரிய நன்மை, பொருளைக் கையில் எடுத்து ஒப்பிட விடுவது. தம்பி இரண்டு காயில்களை மேசை மேல் அருகருகே வைத்தார். விலை உயர்ந்ததில் அலுமினிய இதழ்கள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருந்தன. மலிவானதில் ஓரத்து இதழ்கள் விரல் பட்டாலே மடங்கின. குழாய் காயிலுடன் சேரும் கழுத்துப் பகுதியில் பற்றவைப்பு ஒன்றில் மெல்லிய வளையமாக முடிந்திருந்தது, மற்றதில் கட்டி கட்டியாக நின்றது. கசிவு பெரும்பாலும் இத்தகைய இணைப்புகளில் தொடங்குவதால், வாங்குகிறவர் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் அதுவே. டேஷ்போர்டு திறந்திருக்கும்போதே, காயிலுக்குள் போகும் காஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. காயிலை ஒட்டியே இருக்கும் அந்தச் சிறு பாகத்தின் விலையை அதை மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டிரையர் என்னும் ஈரமுறிஞ்சி விஷயத்தில் சில கடைகளின் அலட்சியம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. குளிரூட்டும் வாயுவுடன் நீராவி கலந்தால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். வால்வின் நுண்ணிய துளையில் அந்த நீர் உறைந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். அதைத் தடுக்கவே டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகளை இட்டு, இரு வாய்களையும் மூடியால் அடைத்து அனுப்புகிறார்கள். செகாம்புட்டில் நான் போன ஒரு பொது உதிரிபாகக் கடையில், பெட்டியே இல்லாமல் அலமாரியில் கிடந்த டிரையர்களில் பாதிக்கு மூடி கிடையாது. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் இந்த ஊரில், மூடி திறந்து கிடந்த டிரையர் பொருத்துவதற்கு முன்பே பயனிழந்துவிடும். எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது. பட்டறையிலும் குழாயைப் பூட்டும் நேரம் வரை மூடியைக் கழற்றாதீர்கள் என்று சொல்லி நிற்க வேண்டும்.

காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர்தான் பணத்தை அதிகம் கேட்கும் பாகம், ஏமாற்றத்துக்கும் அதிக இடம் கொடுக்கும் பாகம். புதியது, பழையதைப் பிரித்துப் பழுதுபார்த்து ரிகண்டிஷன் செய்யப்பட்டது, வெட்டி இறக்குமதி செய்த கார்களிலிருந்து கழற்றிய ஹாஃப் கட் என்று மூன்று வகையாகக் கிடைக்கிறது. ரிகண்டிஷன் கம்ப்ரசரை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே எதை மாற்றினார்கள் என்று கேட்டால் ஷாஃப்ட் சீல், பேரிங், கேஸ்கட் என்று தெளிவாகப் பதில் சொல்லி, ஆறு மாத வாரண்டியை எழுதிக் கொடுக்கும் கடையில் தாராளமாக வாங்கலாம். வெறும் வெள்ளிச் சாயம் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பதை வாங்க வேண்டாம். ஹாஃப் கட் சரக்கில் நிறுவனத்தின் அசல் பொருள் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றாலும், எத்தனை நாள் குழாய் வாய் திறந்து கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது.

அதற்கும் முன்னதாக, கம்ப்ரசர் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம். கம்ப்ரசர் சுழலவில்லை என்பதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, காஸ் அழுத்தக் குறைவு, கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் என்று வேறு காரணங்கள் பல உண்டு. கிளட்ச்சின் பேரிங் மட்டும் அலறினால் அந்தப் பேரிங்கைத் தனியே வாங்கலாம். மாறாக, கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உடைந்திருந்தால், அதன் உலோகத் துகள்கள் எண்ணெயோடு சேர்ந்து, காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் வரை போய்விடும். இப்போதைய கண்டென்சர்களின் குழாய்கள் மிக நுண்ணியவை என்பதால் கழுவினாலும் துகள் முழுமையாக வெளியேறாது. ஆகவே கண்டென்சரையும் டிரையரையும் சேர்த்து மாற்றாமல் கம்ப்ரசரை மட்டும் மலிவாக வாங்குவது வீண் செலவு. கண்டென்சர் முன்பக்கத்தில் எளிதாக எட்டும் இடத்தில் இருப்பதால், அதில் நடுத்தர விலைப் பொருளே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஷாப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் கேபின் ஃபில்டர், ரிலே, காற்றின் வேகத்தை மாற்றும் பிளோவர் ரெசிஸ்டர் ஆகியவற்றை நம்பி வாங்கலாம். கடை விலையைவிடக் கணிசமாகக் குறைவு, தவறு நேர்ந்தாலும் சில நிமிடங்களில் கழற்றிவிடலாம். கம்ப்ரசர், காயில் இரண்டையும் அங்கே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜப்பானிய நிறுவனமான டென்சோவின் பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் வேறு பொருள் இருப்பது இந்தச் சந்தையில் புதிதல்ல. டென்சோ கம்ப்ரசரின் உடலில் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் 447 என்று தொடங்கும் எண் இருக்கும். பழைய பாகத்தின் எண்ணோடு அதை நேரில் ஒத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

காஸில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். கார் ஏர்கோனுக்கான ஆர்-134ஏ வாயு என்று எழுதிய உருளையில் கலப்பட வாயு வந்துவிட்டால், புதிய பாகங்கள் அனைத்தும் பாழாகும். 2011இல் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் சில வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதற்கு, போலிக் குளிர்பதன வாயுவில் இருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்துடன் வினைபுரிந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. நம் கார் கம்ப்ரசரும் அலுமினியம்தான். ஆகவே காஸைப் பாகக் கடையில் தனியே வாங்காமல், எந்த உருளையிலிருந்து நிரப்புகிறார்கள் என்பதைக் காட்டும் பட்டறையில் நிரப்பிக்கொள்ளுங்கள். எண்ணெயும் கம்ப்ரசருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். என் காரின் கம்ப்ரசருக்குக் கடைக்காரர் கொடுத்தது பி.ஏ.ஜி. வகை எண்ணெய். ஹைப்ரிட் கார்களின் மின்சாரக் கம்ப்ரசருக்கு அதை ஊற்றக் கூடாது என்று அவரே எச்சரித்தார்.

எங்கே வாங்கினாலும், பாகத்தின் எண்ணும் வாரண்டிக் காலமும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் பின்னர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். ரசீது இல்லாதவருக்கு அங்கே பேச அதிகம் இருக்காது.

ஜாலான் ஈப்போ கடைகளுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் பட்டறைக்காரர்களின் மோட்டார் சைக்கிள்கள் வாசலை அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு கடைக்காரருக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. பழைய பாகத்தைக் கழற்ற முடிந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் அதன் சீட்டைத் தெளிவாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காரின் ஆண்டையும் மாடலையும் மட்டும் சொன்னால், ஒரே ஆண்டில் வந்த கார்களுக்குள்ளேயே குழாய் முனை மாறுபடும் என்பதால், பொருந்தாத பாகத்தோடு திரும்பி வர நேரிடும்.