இலவசப் பல் முகாமில் "ரூட் கெனால்" என்று சொல்லப்பட்டவர்கள் கவனத்துக்கு (பெரம்பூர் பக்கம்)

எங்கள் அபார்ட்மெண்டில் போன மாதம் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடந்தது. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வலது பக்கம் கீழே சுரீர் என்று கூசும், சில நொடியில் அடங்கிவிடும். சரி, காட்டிவிடலாமே என்று கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்குள் கேமராவை விட்டு டிவியில் ஒவ்வொரு பல்லையும் உள்ளங்கை அளவுக்குக் காட்டினார்கள், அப்படிப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். மறுநாள் கிளினிக்கில் முழு வாய்க்கும் ஒரே எக்ஸ்ரே. மூன்று பல்லுக்கு ரூட் கெனால், அதாவது பல்லைக் குடைந்து உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது, மேலே போடும் கேப்போடு (உறை) சேர்த்து 36,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் 30,000. "விட்டா சீழ் பிடிச்சிரும்மா" என்று அவர்கள் சொன்னதும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

முதல் பல் இரண்டு சிட்டிங்கில் முடிந்து கேப்பும் போட்டாயிற்று, கூச்சம் மட்டும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, மீதி இரண்டையும் முடித்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

அதற்கப்புறம்தான் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவமனைக்குப் போனோம். காலையிலேயே போய் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும், ஆனால் அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்தது. ஒரு இளம் டாக்டர் பஞ்சில் குளிர்ச்சியான ஸ்ப்ரே அடித்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டார். "கூசினா கையத் தூக்குங்கம்மா, நின்னதும் இறக்கிடுங்க." அம்மா கையைத் தூக்குவார், இரண்டு மூன்று நொடியில் இறக்கிவிடுவார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் மெல்லத் தட்டியும் பார்த்தார், எங்கேயும் வலி இல்லை. கேப் போட்ட பல்லுக்கு முன்னால் இருக்கிற பல்லில் ஈறு ஓரமாக, பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் காற்றை ஊதியதும் அம்மா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் இருக்கிறது, அது மீள முடியாதபடி கெட்டுப்போனாலோ செத்துப்போனாலோதான் ரூட் கெனால் என்று அவர் விளக்கினார். குளிர்ச்சி பட்டுக் கூசி உடனே அடங்கினால் கூழ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. வலி அரை நிமிடத்துக்கு மேல் நிற்பது, சூடான காபி பட்டால் அதிகமாவது, ஒன்றுமே படாமல் ராத்திரி தூக்கத்தில் எழுப்புவது, தட்டினால் வலிப்பது, ஈறில் சீழ்க்கட்டி, அந்தப் பல்லுக்கென்று எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு, இதில் ஏதாவது இருந்தால் விஷயம் வேறு. அப்போது தள்ளிப்போடவே கூடாது, மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு இருக்கவும் கூடாது. ரூட் கெனால் பல்லைக் காப்பாற்றுகிற நல்ல சிகிச்சைதான், என் பெரியப்பாவுக்குச் செய்த பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது.

நரம்பை எடுத்துவிட்ட பல்லுக்குக் குளிர்ச்சியே தெரியாதாம். அப்படியென்றால் கேப் போட்ட பிறகும் அதே கூச்சம் இருந்தபோதே, வலித்தது அந்தப் பல் இல்லை என்று அந்த கிளினிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கேப் போட்ட பல்லில் இருந்த சொத்தை நரம்புக்கு ரொம்ப தூரத்தில்தான் இருந்தது, அடைத்திருந்தாலே போதும் என்றார் டாக்டர். ஒரு நல்ல பல்லைக் குடைந்து அதன் உயிரை எடுத்திருக்கிறார்கள், அதற்குச் சம்மதம் சொன்னவன் நான். இது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பள்ளத்தை அடைத்ததும் கூச்சம் நின்றுவிட்டது. மீதி இரண்டில் ஒன்றுக்குச் சின்ன அடைப்பு, இன்னொன்றுக்கு எதுவுமே வேண்டாம். செய்யாத இரண்டு பல்லுக்கான பணத்தைக் கேட்டால் "பேக்கேஜ், திருப்பித் தர முடியாது" என்கிறார்கள், பில்லையும் எக்ஸ்ரேயையும் வைத்து தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த முகாமில் எங்கள் பிளாக்கிலேயே இன்னும் நாலு பேருக்கு ரூட் கெனால் சொல்லியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு இந்த வாரம் சிட்டிங். தயவுசெய்து போகாதீர்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு முதலில் வேறொரு டாக்டரிடம் குளிர்ச்சி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.