பயனர் புரொஃபைலை நகலெடுக்கும் வழிகள்: எதில் மின்னஞ்சல் தப்பும், எதில் தவறும்?

விண்டோஸ் கணினியில் பழைய பயனர் கணக்கை விட்டுப் புதிய கணக்குக்கு மாற வேண்டிய தேவை பல விதங்களில் வருகிறது. புரொஃபைல் சிதைந்து, உள்நுழையும்போதெல்லாம் தற்காலிகப் புரொஃபைல் ஒன்று திறந்துகொள்ளலாம். கணினியையே மாற்ற நேரலாம். இதுவரை தனிக் கணக்காக இருந்ததை அலுவலக டொமைன் (நிறுவனச் சர்வர் நிர்வகிக்கும் வலையமைப்பு) கணக்காக மாற்ற வேண்டியிருக்கலாம். ஆவணங்களும் படங்களும் கண்ணெதிரே இருப்பதால் அவற்றை யாரும் மறப்பதில்லை. மின்னஞ்சலோ பெரும்பாலும் மறைந்திருக்கும் கோப்புறைகளுக்குள் இருப்பதால், அது வரவில்லை என்பதே பழைய கணக்கை அழித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

குழப்பத்தின் ஒரு பாதி சொல்லிலேயே இருக்கிறது. ‘புரொஃபைல்’ என்ற ஒரே சொல் இங்கே மூன்று பொருள்களைக் குறிக்கிறது. விண்டோஸுக்கு அது சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையில் உங்கள் பெயரில் இருக்கும் முழுக் கோப்புறையும், அதனுள் என்டியூசர்.டேட் என்ற கோப்பில் அடங்கிய ரெஜிஸ்ட்ரிப் (அமைப்புகளைப் பதிந்துவைக்கும் தரவுத்தளம்) பகுதியும் ஆகும். மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் நிரலான அவுட்லுக்குக்கு அது எந்தக் கணக்கு எந்தத் தரவுக் கோப்பைப் பயன்படுத்துகிறது என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே; அதில் ஒரு கடிதம்கூட இல்லை. இன்னோர் அஞ்சல் நிரலான தண்டர்பேர்டுக்கோ கடிதம், முகவரிப் புத்தகம், கடவுச்சொல், அமைப்பு எல்லாம் சேர்ந்த ஒரே கோப்புறைதான் புரொஃபைல். ஆகவே ‘புரொஃபைலை நகலெடுத்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், எதை என்று திருப்பிக் கேட்பதே முறை.

எந்த வழியையும் மதிப்பிட நான் மூன்றைப் பார்க்கிறேன். கடிதங்கள் உள்ள கோப்பு வருகிறதா? அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் குறிப்பு வருகிறதா? சர்வருக்குள் நுழையும் கடவுச்சொல் வருகிறதா? மூன்றாவது வராவிட்டால் மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். இரண்டாவது வராவிட்டால் அரை மணி நேரம் வீணாகும். முதலாவது வராவிட்டால் மட்டுமே உண்மையான இழப்பு.

முழுப் புரொஃபைலையும் நகலெடுத்தல்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சிஸ்டம் பண்புகளில் ‘காப்பி டூ’ என்ற பொத்தான் இருந்தது. ஒரு புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து இன்னொரு கோப்புறைக்கு அனுப்பிவிடலாம். விண்டோஸ் 7 முதல் அந்தப் பொத்தான் இயல்நிலைப் புரொஃபைலுக்கு (புதிய கணக்குகளுக்கு வார்ப்பாக இருப்பது) மட்டுமே உயிரோடு இருக்கிறது. மற்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் மங்கிப்போய்விடும். அதை மீண்டும் இயங்கவைக்கும் உபாயங்களைத் தேடுவதில் நேரம் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து.

எஞ்சியது கையால் நகலெடுத்தல். இதன் செய்முறை எளிது, நிபந்தனைகள்தான் அதிகம். பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் நுழையாமல், நிர்வாகி உரிமையுள்ள மூன்றாவது கணக்கில் நுழைந்து, மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்துக்கொண்டு, என்டியூசர்.டேட், அதன் லாக் கோப்பு, என்டியூசர்.ஐஎன்ஐ ஆகிய மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் நகலெடுக்க வேண்டும். புதிய கணக்கில் முன்னதாக ஒருமுறை உள்நுழைந்து அதன் கோப்புறை உருவாகியிருக்கவும் வேண்டும். சிதைவு பெரும்பாலும் என்டியூசர்.டேட்டில்தான் இருக்கும் என்பதால், அதையும் சேர்த்துக் கொண்டுபோனால் நோயும் கூடவே வந்துசேரும். ஆனால் அவுட்லுக்கின் குறிப்பு இருப்பதும் அதே கோப்பில்தான். எனவே இந்த வழியில் கடிதக் கோப்பு வரும், குறிப்பு வராது. புதிய கணக்கில் அவுட்லுக்கைத் திறந்தால், முதன்முதலில் நிறுவியதுபோல் முகவரி கேட்டு நிற்கும். பயனர் பதறிப்போவார், ஆனால் எதுவும் தொலையவில்லை.

கடவுச்சொல்லின் கதை வேறு. விண்டோஸ் அவற்றைப் பயனரின் பாதுகாப்பு அடையாள எண்ணோடும் உள்நுழைவுக் கடவுச்சொல்லோடும் பிணைத்து மறையாக்கம் செய்கிறது. கோப்புகள் அச்சாக வந்தாலும் புதிய கணக்கால் அவற்றைத் திறக்க இயலாது. ஆகவே கணக்குகளின் கடவுச்சொற்களை நகலெடுப்பதற்கு முன்பே கையில் வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடுவதா, ரோபோகாப்பி கட்டளையா என்று கேட்டால், சில நூறு மெகாபைட்டுக்கு மேல் எதுவானாலும் ரோபோகாப்பிதான். விஸ்டாவிலிருந்து அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, புரொஃபைலில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற கோப்புறையின் லோக்கல் பகுதிக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற பெயரில் ஓர் இணைப்பு இருக்கிறது. அது சுற்றிவந்து லோக்கலையே சுட்டுகிறது. இத்தகைய இணைப்புகளைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே சுவிட்சை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறி) கொடுக்காவிட்டால், கட்டளை கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கிக்கொண்டே போகும். இரண்டாவது, பூட்டப்பட்ட கோப்பைக் கண்டால் ரோபோகாப்பி 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயன்று பார்க்கும். இயல்பான அமைப்பே அதுதான். பின்னணியில் அவுட்லுக் ஓடிக்கொண்டிருந்து தரவுக் கோப்பைப் பிடித்து வைத்திருந்தால், இரவு முழுவதும் ஓடவிட்ட நகல் காலையில் அதே வரியில் நின்றுகொண்டிருக்கும். முயற்சியையும் இடைவெளியையும் ஒன்றாகக் குறைத்து, பதிவுக் கோப்பு ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். தவறியது எது என்பது எழுத்தில் இருக்கும். அனுமதிகளையும் சேர்த்து நகலெடுக்கும் சுவிட்ச் கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் புதிய கணக்குக்கு மாறும்போது அது வேண்டாம். பழைய கணக்கின் உரிமைகள் ஒட்டிக்கொண்டு வந்து, புதிய பயனர் தன் கடிதங்களையே திறக்க முடியாமல் நிற்பார்.

புரொஃபைலைச் சர்வரில் வைத்து எந்தக் கணினியிலும் தரும் ரோமிங் புரொஃபைலை நம்பியிருப்போருக்கு இடையில் ஓர் எச்சரிக்கை: ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதி மட்டுமே சர்வருக்குப் போகும், லோக்கல் போகாது. சர்வரில் உள்ள கடிதங்களின் நகலை அவுட்லுக் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்புகள் இருப்பது லோக்கலில்தான்.

கருவிகளின் துணையோடு மாற்றுதல்

விண்டோஸ் 7 காலத்தில் இருந்த ஈஸி டிரான்ஸ்ஃபர் வீட்டுப் பயனருக்குப் போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது அது நீக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் இன்றும் தருவது யூஎஸ்எம்டி என்ற கட்டளைவரிக் கருவி. ஸ்கேன்ஸ்டேட் திரட்டும், லோட்ஸ்டேட் விரிக்கும். பயனர் பெயரையோ டொமைனையோ மாற்றி விரிக்கவும் வழியுண்டு. எதைத் திரட்டுவது என்பதை எக்ஸ்எம்எல் விதிகள் தீர்மானிக்கின்றன. பயனர் கோப்புகளுக்கான விதியில் அவுட்லுக்கின் தரவுக் கோப்பான பிஎஸ்டியின் நீட்டிப்பு இருப்பதால், அது எந்த டிரைவில் கிடந்தாலும் தேடி எடுக்கும். கையால் நகலெடுப்பவர் தவறவிடும் கோப்பு இதில் அகப்படும். ஆனால் தண்டர்பேர்டின் அஞ்சல் கோப்புகளுக்கு நீட்டிப்பே கிடையாது. இன்பாக்ஸ் என்றால் வெறுமனே ‘இன்பாக்ஸ்’ என்ற பெயர்தான். அவற்றுக்குத் தனி விதி எழுதிச் சேர்க்க வேண்டும். 50 கணினிகளை மாற்றும் நிர்வாகிக்கு இந்த உழைப்பு தகும். ஒரே கணினிக்காக யூஎஸ்எம்டியைக் கற்றுக்கொள்வது அளவுக்கு மீறிய ஏற்பாடு.

ஃபாரன்சிட் நிறுவனத்தின் யூசர் புரொஃபைல் விசார்டு வேறு திசையில் சிந்திக்கிறது. அது எதையும் நகலெடுப்பதில்லை. இருக்கும் கோப்புறையின் உரிமையைப் புதிய கணக்கின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறது. கோப்பும் குறிப்பும் இருந்த இடத்திலேயே இருப்பதால், அவுட்லுக் பழையபடியே திறக்கும், கடவுச்சொல்லை மட்டும் கேட்கக்கூடும். அதே கணினியில் தனிக் கணக்கை டொமைனுக்கு மாற்றும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் புரொஃபைல் சிதைந்திருந்தால் இது உதவாது. சிதைவும் அப்படியே கைமாறும்.

மின்னஞ்சலை மட்டும் தனியே எடுத்தல்

என் விருப்பம் பெரும்பாலும் இதுதான்: ஆவணங்களை ஒரு வேலையாகவும் மின்னஞ்சலை இன்னொரு வேலையாகவும் பிரித்துவிடுவது. இங்கே எந்த நிரல் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தண்டர்பேர்டு என்றால் போட்டியே இல்லை. நிரலை மூடிவிட்டு, ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் உள்ள தண்டர்பேர்டு கோப்புறையை முழுமையாக எடுத்துப் புதிய கணக்கில் அதே இடத்தில் வைத்தால், கடிதம், குறிப்பு, கடவுச்சொல் மூன்றும் ஒருங்கே வந்துவிடுகின்றன. கடவுச்சொற்களை அது விண்டோஸிடம் ஒப்படைக்காமல் லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி என்ற தன் சொந்தக் கோப்புகளில் வைத்திருப்பதே காரணம். எந்தெந்தக் கடிதங்களை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்ற கணக்கும் பாப்ஸ்டேட்.டேட்டில் கூடவே வருவதால், பாப் (கடிதங்களைக் கணினிக்கு இறக்கிவைக்கும் முறை) கணக்குகளில் கடிதங்கள் இரட்டிப்பாவதில்லை. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. கணக்கு அமைப்பில் ‘உள்ளகக் கோப்புறை’ வேறு டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தால், கடிதங்கள் புரொஃபைலுக்கு வெளியே இருக்கும். புதிய கணினியில் நிரல் வேறு இடத்தில் நிறுவப்பட்டிருந்தால், அது வெறுமையான புதிய புரொஃபைலை உருவாக்கித் திறக்கக்கூடும். அப்போது புரொஃபைல் நிர்வாகியில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும் என்பதால், நிரலை முதலில் புதுப்பித்துவிடுவது நல்லது.

அவுட்லுக்கில் பிஎஸ்டியும் ஓஎஸ்டியும் ஒன்றல்ல. பிஎஸ்டி தன்னிறைவான பெட்டி; அவுட்லுக் 2010 முதல் அது இயல்பாக டாகுமெண்ட்ஸில் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ கோப்புறையில் இருக்கும், அதற்கு முந்தைய பதிப்புகளில் ஆப்டேட்டாவின் லோக்கலில் ஒளிந்திருந்தது. அவுட்லுக்கை மூடி, அந்தக் கோப்பை அப்படியே எடுத்துச் சென்று திறந்தால் கடிதங்கள் வந்துவிடும். பாப் கணக்கானால், கணக்கு அமைப்பில் புதிய கடிதங்கள் சேரும் கோப்பாகவும் அதையே காட்டிவிட வேண்டும். இல்லையேல் பழையன ஒரு பெட்டியிலும் புதியன இன்னொன்றிலும் பிரிந்து கிடக்கும். ஏற்றுமதி வழிகாட்டியைப் பயன்படுத்துவதை விடக் கோப்பை நேரடியாக நகலெடுப்பதே மேல், ஏனெனில் ஏற்றுமதியில் விதிகளும் கோப்புறைக் காட்சிகளும் தடை செய்த அனுப்புநர் பட்டியலும் வருவதில்லை. கையொப்பங்கள் எந்த வழியிலும் பிஎஸ்டிக்குள் இல்லை. அவை ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட்டின் ‘சிக்னேச்சர்ஸ்’ கோப்புறையில் தனியே இருக்கின்றன. பெரிய பிஎஸ்டியைப் பென் டிரைவில் எடுப்பவர் அது ஃபேட்32 முறையில் அமைந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 4 ஜிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. இன்றைய பிஎஸ்டியின் இயல்பான உச்ச அளவோ 50 ஜிகாபைட்.

ஓஎஸ்டி என்பது சர்வரில் உள்ளதன் நிழல். அதை இன்னொரு கணக்குக்குக் கொண்டுபோய் இணைக்க முடியாது. கடிதங்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் கணக்கைப் புதிதாகச் சேர்த்தால், அவுட்லுக் புதிய ஓஎஸ்டியை உருவாக்கிச் சர்வரிலிருந்து நிரப்பிக்கொள்ளும். எதையும் நகலெடுக்கவே வேண்டாம் என்பதால் இதுவே சோம்பலுக்கு ஏற்ற வழி. நானும் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஒருமுறை உறவினர் ஒருவரின் ஐமேப் கணக்கைப் புதிய புரொஃபைலில் அமைத்து, கடிதங்கள் எல்லாம் இறங்கியதைப் பார்த்துவிட்டுப் பழையதை அழித்தேன். மறுநாள் அவர் தொடர்பு முகவரிகளைக் கேட்டார். ஐமேப் கணக்குகளில் அவுட்லுக் தொடர்புகளையும் நாட்காட்டியையும் ‘இந்தக் கணினி மட்டும்’ என்ற குறிப்போடு ஓஎஸ்டிக்குள்ளேயே வைத்திருக்கிறது. அவை சர்வருக்குப் போவதே இல்லை. கோப்புறைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியே இருந்ததை நான் வாசித்ததில்லை. அன்றிலிருந்து, சர்வரில் எல்லாம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், அந்த இரண்டு கோப்புறைகளை மட்டுமாவது பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்த பிறகே தொடங்குகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், புதிய கணக்கில் ஒவ்வொரு கோப்புறையின் கடித எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிட்டு, மிகப் பழைய கடிதம் ஒன்றின் இணைப்பைத் திறந்து பார்க்கும்வரை பழைய கணக்கைத் தொடாதீர்கள். பிறகு கன்ட்ரோல் பேனல் வழியாக அதை நீக்கும்போது, கோப்புகளை வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். அந்தப் பெட்டியில் உள்ள வரிகளை முழுவதும் வாசியுங்கள்: டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் போன்ற சில கோப்புறைகளை மட்டுமே சேமிக்க முடியும், மின்னஞ்சல்களைச் சேமிக்க இயலாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.