காரைக்குடியில் கிடைக்கும் நாய்க்கான பச்சை இறைச்சிப் பொட்டலம்: ஒரு மதிப்புரை

காரைக்குடி வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு, உறைய வைத்த பச்சை இறைச்சியை அரைக்கிலோப் பொட்டலங்களாக வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கும் சேவை ஒன்று நடக்கிறது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வரை வண்டி வருகிறது. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், கடையில் வாங்கும் உலர் உணவிலிருந்து இப்போது முழுமையாக இந்தப் பொட்டலத்திற்கு மாறிவிட்டது. தாங்களும் மாறலாமா என்று உறவினர்கள் பலர் கேட்பதால், நிறைகளோடு குறைகளையும் எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் நாய்க்கு இடுவது பெரும்பாலும் மிஞ்சிய குழம்பு பிசைந்த சோறு. செட்டிநாட்டுக் குழம்பு என்றால் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக இருக்கும். இவை இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேக வைப்பதால் அந்தத் தன்மை போய்விடுவதில்லை. குழம்புச் சோற்றோடு ஒப்பிட்டால் இந்தப் பொட்டலம் எவ்வளவோ மேல். ஆனால் பொட்டலத்தை விற்பவர்கள் தரும் துண்டறிக்கை, அரிசிச் சோறே நாய்க்கு விஷம் என்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஓநாயைவிட நாயின் உடலில் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு கூடுதலாக உள்ளன என்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. பச்சை இறைச்சி முறையை 1993 முதல் உலகெங்கும் பரப்பியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமோ கிருமித் தொற்றைக் காரணம் காட்டி, 2012இல் இம்முறை வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மாற நினைப்பவர் இந்த இரு பக்கத்தையும் தெரிந்துகொண்டு மாறுவதே நல்லது.

பொட்டலத்தின் உள்ளடக்கத்தில் எனக்கு நிறைவுதான். சதை எண்பது பங்கு, எலும்பு பத்துப் பங்கு, ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் பத்துப் பங்கு என்பது இம்முறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு; உள்ளுறுப்பில் பாதிதான் ஈரலாக இருக்கலாம், மீதியைச் சுவரொட்டி (மண்ணீரல்), சிறுநீரகம் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு வரை ஒரு நாள் உணவு. 18 கிலோ நாய்க்கு இரண்டரைப் பங்கு என்று கொண்டால் 450 கிராம். அதில் சதை 360, எலும்பு 45, உள்ளுறுப்பு 45 கிராம். கறிக்கடையில் தொடைக்கறியை மட்டும் வாங்கிப் போடுபவர்கள் தவறவிடுவது அந்த 45 கிராம் எலும்பைத்தான். சதையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதையே மாதக்கணக்கில் தின்னும் நாயின் உடல், குறையைத் தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டும். இவர்கள் கோழிக் கழுத்தை எலும்போடு சேர்த்து நைய அரைத்துக் கலக்கிறார்கள். அரவை சீராக இருப்பதால் அவசரமாக விழுங்கும் நாய்க்கும் தொண்டையில் சிக்குவதில்லை. மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போல் உதிர்ந்தால் எலும்பு மிகுதி என்றும், கறுத்துப் பிசுபிசுத்தால் உள்ளுறுப்பு மிகுதி என்றும் பொதுவாகக் கொள்ளலாம். எங்கள் நாய்க்கு இரண்டும் நேரவில்லை.

என் பெரிய கவலை ஆட்டு ஈரலைப் பற்றியது. அறுக்கப்படும் ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர்க்கட்டிகள் இருக்கும். அவற்றில் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளநிலை இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அந்த முட்டைகள் மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் உண்டாகும். நாய் நன்றாகத்தான் இருக்கும், துன்பப்படுவது வீட்டுப் பிள்ளைகள். நன்கு உறைந்த நிலையில் பல நாள் வைத்திருந்தால் இந்த ஆபத்து பெரிதும் நீங்கும். ஆகவே எந்த நாளில் அறுத்தது, எந்த நாளில் உறைய வைத்தது என்ற இரண்டு தேதிகளும் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லை. கேட்டால், “ஆச்சி, எல்லாம் நேற்று அறுத்த புதுக்கறிதான்” என்று வண்டியில் வரும் தம்பி பெருமையாகச் சொல்கிறார். புதுக்கறி என்பதே இங்கு எனக்கு அச்சம் தருகிறது. ஆகவே ஆட்டு ஈரல் கலந்த வகையை விட்டுவிட்டுக் கோழி வகையை மட்டும் வாங்குகிறேன். நாடாப்புழுவுக்கான பிரசிகுவாண்டெல் அடங்கிய மாத்திரையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுக்கிறோம்.

உறைய வைப்பதால் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சாவதில்லை, உறங்கிக் கிடக்கும், அவ்வளவே. அக்கினி நட்சத்திர வெயிலில், உச்சிப்பொழுதில் வந்த பொட்டலங்கள் ஓரங்களில் இளகியிருந்தன. எடுத்துச் சொன்னதும் அதிகாலையிலேயே கொண்டுவரத் தொடங்கினார்கள். அந்த அக்கறைக்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். வீட்டில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வைத்து இளக்க வேண்டும், வெளியே வைத்து இளக்கக் கூடாது. நாய்க்கு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியிலோ முற்றத்திலோ உணவிடுபவர்கள் எவர்சில்வர் தட்டையே பயன்படுத்துங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, சிந்திய இறைச்சி நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டிப் பத்து நாள் அளவில் மெல்ல மாற்றினோம். தொடக்கத்தில் மலம் சற்று இளகியது, பின் சரியாயிற்று. இப்போது மலத்தின் அளவு குறைந்திருக்கிறது, முடியில் மினுமினுப்பு கூடியிருக்கிறது, தட்டில் மிச்சம் வைப்பதில்லை. சொறி தீரும், மூட்டுவலி போகும் என்று துண்டறிக்கை சொல்வதற்கு என் நாயிடம் எந்தச் சான்றும் இல்லை.

விலை கோழிக்கறியைவிடச் சற்றே கூடுதல். அரைத்து, அளந்து, உறைய வைத்துத் தருவதற்கு அது நியாயம். ஓராண்டு நிறையாத குட்டிக்கு, அதுவும் பெரிய இன நாயின் குட்டிக்கு, சுண்ணாம்புச்சத்தின் அளவு பிசகினால் எலும்பு கோணும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். தவழும் குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருக்கும் வீட்டிற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய வீடுகளுக்கென எலும்பில்லாத வகை ஒன்றையும் விற்கிறார்கள். வேக வைத்துக் கொடுக்க அது ஏற்றது. ஆனால் அதில் எலும்பு இல்லாததால், சுண்ணாம்புச்சத்துப் பொடியை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கலக்க வேண்டும். இந்தக் குறிப்பும் பொட்டலத்தில் இல்லை.